மெயில் வருகிறது, போக மட்டும் மறுக்கிறது: சுங்கை சிப்புட் லோரி அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைவரிசையில் ஒரு லோரி அலுவலகம். சுற்றிலுமுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து பழக்குலைகளை ஏற்றி ஆலையில் இறக்குவது தொழில். லோரி தீம்பாங் (எடைமேடை) ஏறி இறங்கியதும் ஆலையில் எடைச்சீட்டு கொடுப்பார்கள். கிராணி (அலுவலக எழுத்தர்) அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து ஆலையின் கணக்குப் பிரிவுக்கு அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும். பின்னால் எடையில் தகராறு வந்தால் அந்த மெயில்தான் சாட்சி. அதனால் அவுட்பாக்ஸில் மெயில் தேங்குவது இங்கே பணம் தேங்குவதற்குச் சமம்.

முறையீடு ஒரே வரிதான்: "மெயில் எல்லாம் வருதுண்ணே, அனுப்பினா மட்டும் அப்படியே நிக்குது."

"ஆபிஸ்ல இருக்கும்போதுமா?"

"ஆபிஸ்ல போயிரும்ண்ணே. லாசா பக்கம் போனாத்தான் மாட்டிக்குது."

லாசா, பட்டணத்துக்கு வெளியே உள்ள ஊர். இந்த இரண்டாவது பதிலில்தான் விஷயமே இருந்தது. ஆனால் அலுவலகத்தில் அத்தனை பேரும் அதை "அங்கே லைன் மோசம்" என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். லைன் மோசமென்றால் வரும் மெயிலும்தான் தடுமாற வேண்டும். அதே இடத்தில் அது தடங்கலின்றி வந்துகொண்டிருந்தது. வருவது சிறிய மெயில், போவது படங்களோடு பெரிய மெயில் என்று ஒருவர் வாதாடலாம். அதற்கும் சோதனை உண்டு: படம் எதுவும் இல்லாமல் "சோதனை" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் அதே இடத்திலிருந்து அனுப்பிப் பார்ப்பது. அதுவும் நின்றது. சிக்னலை அத்தோடு சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

அலுவலகத்தில் மூன்று கைப்பேசிகள். முதலாளியிடம் ஐபோன். கிராணியிடம் ஓரளவு புதிய ஆண்ட்ராய்டு, ஜிமெயில் செயலியில் நிறுவன முகவரி சேர்க்கப்பட்டது. லோரிகளோடு சுற்றும் கண்காணிப்பாளரிடம் ஆண்ட்ராய்டு 6 உள்ள பழைய செட். இவை தவிர மேசைக் கணினி ஒன்று. முகவரி நிறுவனத்தின் சொந்தப் பெயரில், ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் (இணையதளத்துக்கும் மெயிலுக்கும் வாடகைக்கு இடம் தருவது) பகிர்வு சர்வரில், அதாவது பல நிறுவனங்கள் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரில் இருந்தது.

மேலே விழுந்த புதுக் கோளாறு

சரிபார்க்க ஆள் வந்து சேரும்போது கோளாறின் முகமே மாறியிருந்தது. மூன்று நாளாக அலுவலகத்தார் தாங்களே முயன்றிருக்கிறார்கள்: கடவுச்சொல்லை இரண்டு முறை மாற்றினார்கள், கணக்கை அழித்துத் திரும்பச் சேர்த்தார்கள், கைப்பேசியை அணைத்துப் போட்டார்கள். இப்போது அலுவலக வைஃபையில் மெயில் வரவும் இல்லை, போகவும் இல்லை. வெளியே மொபைல் டேட்டாவில் வருகிறது, போகவில்லை. முன்பு "ஆபிஸ்ல போயிரும்" என்றிருந்தது இப்போது "ஆபிஸ்ல ஒண்ணுமே இல்ல" என்று ஆகிவிட்டது.

இப்படி ஒரு கோளாறின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருந்தால், கடைசியாக வந்ததை முதலில் கழற்ற வேண்டும்.

கடவுச்சொல்லை ஹோஸ்டிங் பக்கத்தில் மாற்றியவர் அதை ஒரு கைப்பேசியில் மட்டுமே புதுப்பித்திருந்தார். மற்ற இரண்டு கைப்பேசிகளும் கணினியும் சில நிமிடத்துக்கு ஒருமுறை பழைய கடவுச்சொல்லோடு சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தன. மூன்றும் அலுவலக வைஃபை வழியாகப் போவதால், சர்வருக்கு அவை ஒரே ஐபி எண்ணிலிருந்து (இணைய இணைப்பின் முகவரி எண்) வருபவையாகத் தெரியும். பகிர்வு சர்வர்களின் தடுப்புச்சுவர் இதைப் பார்த்தால் யாரோ கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டு அந்த ஐபியையே மொத்தமாக அடைத்துவிடும். அடைபட்டபின் சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் பயனில்லை, கதவே தெரியாது.

இதை உறுதி செய்ய ஒரு நிமிடம் போதும். அலுவலக வைஃபையில் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தைத் திறக்க வேண்டும். அது திறக்காமல் மற்ற தளங்கள் எல்லாம் திறந்து, வைஃபையை அணைத்து டேட்டாவுக்கு மாறியதும் நிறுவனத் தளமும் திறந்துகொண்டால், அடைபட்டது ஐபிதான். மெயிலும் இணையதளமும் ஒரே சர்வரில் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தும். இங்கே பொருந்தியது.

ஐபி எண்ணைக் குறித்து ஹோஸ்டிங் உதவிப் பிரிவுக்குச் சொன்னால் அடைப்பை எடுத்துவிடுவார்கள். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் எல்லாக் கருவிகளையும் விமானப் பயன்முறையில் போட்டு, ஒவ்வொன்றாகச் சரியான கடவுச்சொல்லை இட்டுவிட்டு, அதன்பின்தான் அடைப்பை எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த கொஞ்ச நேரத்தில் பழைய கடவுச்சொல் வைத்திருக்கும் ஏதோ ஒரு கருவி திரும்ப அடைபட வைக்கும். மேசைக் கணினியை மறந்துவிடுவது வழக்கம். இங்கும் அதைத்தான் மறந்திருந்தார்கள்.

அடைப்பு நீங்கியதும் முதல் நாள் நிலைமை திரும்பியது: அலுவலகத்தில் போகிறது, வெளியே போகவில்லை. இனி உண்மையான கோளாறைத் தொடலாம்.

வாசல் இரண்டு

மெயில் கணக்கில் வரும் பாதையும் போகும் பாதையும் வேறு வேறு. வருவது ஐமேப் வழியாக, பெரும்பாலும் 993ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாசல்). போவது எஸ்எம்டிபி வழியாக. இரண்டுக்கும் சர்வர் பெயர், போர்ட், பாதுகாப்பு வகை, பயனர் பெயர், கடவுச்சொல் என்று தனித்தனி வரிசை உண்டு. மெயில் வருகிறது என்றால் முதல் வரிசை சரி என்று மட்டுமே பொருள். அந்த நிலையில் கடவுச்சொல்லை மாற்றப் போவது, ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது போன்றது.

எஸ்எம்டிபி 1982இல் எழுதப்பட்டபோது அனுப்புகிறவர் யார் என்று கேட்கும் வழக்கமே அதில் இல்லை. 25ஆம் போர்ட்டில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி அனுப்பும். குப்பை மெயில் பெருகிய பிறகுதான், பயனர்கள் மெயில் கொடுக்கும் வாசலாக 587 என்று தனியாக ஒன்றை 1998இல் ஒதுக்கினார்கள். 2018இல் வந்த பரிந்துரை, தொடக்கத்திலிருந்தே குறியாக்கம் உள்ள 465ஐப் பயன்படுத்தச் சொல்கிறது. ஆக இன்றைக்குக் கைப்பேசியில் இருக்க வேண்டியது 465 அல்லது 587. வெளிச்செல்லும் பகுதியில் 25 என்ற எண்ணைக் கண்டால் அங்கேயே சந்தேகப்படலாம்.

கிராணியின் கைப்பேசியில் ஜிமெயில் செயலியின் செட்டிங்ஸில் அந்தக் கணக்கைத் தொட்டு, கடைசிப் பக்கமாக இருக்கும் 'அவுட்கோயிங் செட்டிங்ஸ்' திறந்தபோது தெரிந்தது இது: சர்வர் பெயர், அலுவலக அகண்ட அலைவரிசையைக் கொடுத்த நிறுவனத்தின் எஸ்எம்டிபி சர்வர். போர்ட் 25. செக்யூரிட்டி டைப் 'நன்', அதாவது பாதுகாப்பு எதுவுமில்லை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையச் செய்யும் 'ரிக்வையர் சைன்-இன்' அணைந்திருந்தது. பல வருடங்களுக்கு முன்பு மேசைக் கணினியில் யாரோ போட்டுவைத்ததைப் பார்த்துக் கைப்பேசிகளிலும் அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் அது தவறில்லை. இணைய நிறுவனத்தின் சர்வர், தன் கம்பி வழியாக வருகிறவர் எல்லாரும் தன் வாடிக்கையாளர் என்று நம்பி, கடவுச்சொல் கேட்காமல் மெயிலை வாங்கிக்கொள்ளும். அது பார்ப்பது ஆளை அல்ல, இடத்தை. கைப்பேசி அலுவலக வைஃபையில் இருக்கும்வரை இடம் சரி. லாசா சாலையில் டேட்டாவுக்கு மாறியதும் ஐபி வேறு நிறுவனத்துடையது. சர்வருக்கு இவர் அந்நியர்.

மடிக்கணினியைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதே பாதையில் சர்வரோடு நேரடியாகப் பேசிப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் "அனுப்ப முடியவில்லை" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்வதால் இந்த வேலை அவசியம். ஒரு சிம்மில் 25ஆம் போர்ட்டுக்கு இணைப்பே கிடைக்காமல் நேரம் கடந்து விழுந்தது. மொபைல் நிறுவனங்களும் வீட்டு இணைய நிறுவனங்களும் 25ஐ அடைத்து வைப்பது சர்வ சாதாரணம். இன்னொரு சிம்மில் சர்வர் 220 என்று வரவேற்றது, பெயர் சொன்னதும் 250 (சரி) என்றது, அனுப்புநர் முகவரிக்கும் 250. பெறுநர் முகவரியைச் சொன்ன அந்த இடத்தில்தான் 554 5.7.1, 'ரிலே அக்செஸ் டினைட்' என்று திருப்பியது. உன் மெயிலை வெளியாருக்குக் கடத்த எனக்கு அனுமதியில்லை என்பது இதன் பொருள். காரணம் ஒன்று, சிம்முக்குச் சிம் அறிகுறி இரண்டு. கிராணிக்கும் கண்காணிப்பாளருக்கும் வெவ்வேறு பிழைச் செய்தி வந்து, வெவ்வேறு நோய் என்று அவர்களை நம்ப வைத்தது இதுதான்.

இங்கே ஒரு சிறு குறிப்பு. இணைய நிறுவனத்தின் சர்வருக்குப் பதிலாக ஹோஸ்டிங் சர்வரையே சைன்-இன் இல்லாமல் போட்டிருந்தால் நோய் இன்னும் குழப்பமாகத் தெரிந்திருக்கும்: அதே நிறுவனத்துக்குள் இருக்கும் முகவரிக்குப் போகும், ஆலைக்குப் போகாது. உள்ளே போய் வெளியே போகாத மெயில் என்று யாராவது சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது சைன்-இன் பொத்தானைத்தான்.

அலுவலகத்திலிருந்து போனதாக நினைத்த மெயில்களின் கதியும் நல்லதாக இல்லை. நிறுவனத்தின் பெயரில், ஆனால் நிறுவனம் அங்கீகரிக்காத சர்வரிலிருந்து போனவை அவை. எந்தச் சர்வர் என் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் ஹோஸ்டிங் சர்வர் மட்டுமே இருந்தது. ஆலைக் கணக்குப் பிரிவில் கேட்டால், சீட்டுகளில் பாதி குப்பைப் பெட்டியில் கிடந்தன. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், தன் முகவரிகளுக்கு அனுப்புகிற எவரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் (மெயிலில் இடும் மின் கையொப்பம்) இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. மற்ற சேவைகளும் இறுக்கிக்கொண்டு வருகின்றன. எனவே "ஆபிஸ்ல போயிரும்" என்பதும் பாதி உண்மைதான்.

மாற்றியதும், மாற்றும்போது விழுந்ததும்

போட வேண்டியது எளிது: சர்வர் பெயர் ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்தது, சைன்-இன் பொத்தான் இயக்கத்தில், பயனர் பெயர், கடவுச்சொல், போர்ட் 465, செக்யூரிட்டி டைப் 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்'. அல்லது 587, 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' (சாதாரண எழுத்தில் தொடங்கிப் பிறகு குறியாக்கத்துக்கு மாறுவது). இந்த இணைகளைக் கலக்கக் கூடாது. கலந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்வது லாபம், ஏனென்றால் அறிகுறியைப் பார்த்தே எதைக் கலந்தோம் என்று சொல்லிவிடலாம்.

465இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் போட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் போர்ட்டில் சர்வர், கைப்பேசி முதலில் குறியாக்கக் கைகுலுக்கலைத் தொடங்கட்டும் என்று வாய்மூடிக் காத்திருக்கும். கைப்பேசியோ சர்வர் முதலில் 220 சொல்லட்டும் என்று காத்திருக்கும். விருந்து வீட்டில் "நீங்க முதல்ல" என்று இரண்டு பேர் வாசலில் நிற்கிற கதை. நேரம் தீர்ந்ததும் 'டைம்அவுட்'. மாறாக 587இல் எஸ்எஸ்எல் போட்டால் உடனே விழும்: கைப்பேசி குறியாக்கத்தில் பேசத் தொடங்க, சர்வர் சாதாரண எழுத்தில் 220 என்று பதில் சொல்ல, கைப்பேசி அதைப் புரிந்துகொள்ள முடியாமல் எஸ்எஸ்எல் பிழை காட்டும். சுற்றிச் சுற்றி விழுந்தால் போர்ட் 465, சட்டென்று விழுந்தால் 587 என்று வைத்துக்கொள்ளலாம்.

கிராணி கைப்பேசியில் இந்த இணை சரியாகப் போட்டபின் வந்தது 535 5.7.8. இது அடையாளம் ஏற்கப்படவில்லை என்பது. கடவுச்சொல் தவறு என்று மீண்டும் அதை மாற்ற ஓடும் முன் பயனர் பெயரைப் பார்க்க வேண்டும். அவர் முகவரியில் 'அட்' குறிக்கு முன்னுள்ள பாதியை மட்டும் எழுதியிருந்தார். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இருக்கும்போது "அக்கவுண்ட்ஸ்" என்று மட்டும் சொன்னால் எந்த நிறுவனத்து அக்கவுண்ட்ஸ் என்று அதற்கு எப்படித் தெரியும்? முழு முகவரி எழுதியதும் போனது. சில கைப்பேசி விசைப்பலகைகள் முகவரியின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி, கடைசியில் ஓர் இடைவெளியையும் ஒட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியும் 535 தரும்.

அடுத்து சான்றிதழ் எச்சரிக்கை. சர்வர் தான் யார் என்று காட்டும் அடையாளம்தான் சான்றிதழ். சர்வர் பெயராக மெயில் புள்ளி நிறுவனப் பெயர் என்று எழுதியபோது, சான்றிதழில் ஹோஸ்டிங் சர்வரின் சொந்தப் பெயர் இருந்ததால் பொருந்தவில்லை. ஹோஸ்டிங் கொடுத்த மடலில் இருந்த சர்வர் பெயரையே எழுதியதும் அது நீங்கியது. ஜிமெயில் செயலியில் 'எல்லாச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்' என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அதைத் தொடக்கூடாது. தொட்டால் எச்சரிக்கை போகும், கூடவே கோப்பிக் கடை வைஃபையில் நடுவே உட்கார்ந்திருப்பவன் கடவுச்சொல்லை எடுத்துக்கொள்ளவும் வழி திறக்கும். சான்றிதழ்ப் பிழை வந்தால் கைப்பேசியின் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி முழுதாக இறங்கித் தேதி பின்னுக்குப் போன செட்டில் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும்.

பழைய செட்டில் இதெல்லாம் செய்தும் பிழை தீரவில்லை. காரணம் வேறு. ஹோஸ்டிங் சர்வரின் சான்றிதழ், இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் கொடுத்தது. அதன் மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1உம் அதற்குப் பிந்தியவையும்தான் அறியும். பழைய செட்டுகளும் நம்பட்டும் என்று, அவை அறிந்த வேறொரு மூலச் சான்றிதழோடு போட்டிருந்த இணைப்புப் பாலம் 2024 செப்டம்பர் 30இல் காலாவதியானது. அப்படியென்றால் வரும் மெயில் மட்டும் எப்படி வந்தது? அந்தச் செட்டில் ஐமேப் 143இல், பாதுகாப்பே இல்லாமல் போடப்பட்டிருந்தது. கடவுச்சொல் வெட்டவெளியில் போய்க்கொண்டிருந்தது. வேலை செய்கிறதே என்று விட்டுவிடும் இடங்களில்தான் இப்படி இருக்கும். ஆண்ட்ராய்டு 6இல் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற மூலச் சான்றிதழைக் கையால் இறக்கி நிறுவ முடியும். திரைப்பூட்டு வைத்தாக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தற்காலிகமாக அதைச் செய்து, ஐமேப்பையும் 993க்கு மாற்றியாயிற்று. நிரந்தரத் தீர்வு செட்டை மாற்றுவதுதான்.

இது சொந்தப் பெயரில் உள்ள முகவரிக்கான கதை. இலவச முகவரி வைத்திருப்பவர்களுக்குப் பாதை வேறு. ஜிமெயிலில் சாதாரணக் கடவுச்சொல்லோடு வேறு செயலிகள் நுழைவது 2022 மே 30இலிருந்து நிறுத்தப்பட்டது. இரு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். அவுட்லுக் இலவச முகவரிகளில் 2024 செப்டம்பர் 16இலிருந்து கடவுச்சொல் மட்டும் போட்டு நுழையும் வழியே கிடையாது. செயலியில் அவுட்லுக் என்று தேர்ந்தெடுத்து அவர்கள் பக்கத்தில் உள்நுழைய வேண்டும். கையால் சர்வர் விவரம் எழுதிச் சேர்த்த பழைய கணக்குகள் ஒரு நாள் திடீரென்று நின்றுபோனதற்குப் பல இடங்களில் இதுவே காரணம்.

படங்கள்

அமைப்பு சரியானபிறகும் மாலை வேளையில் சில மெயில்கள் நின்றன. இது அளவுப் பிரச்சினை. 587இல் சர்வர் தன் வரம்பைத் தானே சொல்லும்: 'சைஸ்' என்ற வரியில் 26214400 என்றிருந்தது, அதாவது 25 எம்பி. ஆனால் இணைப்புகள் எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கின்றன. மூன்று பைட் நான்காகும், வரி முறிவுகளும் சேரும். 25 எம்பி வரம்பில் உண்மையில் அனுப்ப முடிவது ஏறத்தாழ 18 எம்பி. கிராணியின் கேமராவில் ஒரு படம் சுமார் 4 எம்பி. ஆறு சீட்டைச் சேர்த்தால் 24 எம்பி. பார்வைக்கு வரம்புக்குள், பயணத்தில் ஏறத்தாழ 33 எம்பி. சர்வர் 552 என்று திருப்பும். அதிலும் சில செயலிகளில் ஒரு பெரிய மெயில் வரிசையின் முன்னே மாட்டினால் பின்னால் நிற்கும் சிறியவையும் நகராது.

எடைச்சீட்டைப் படிக்க நான்கு எம்பி படம் தேவையே இல்லை. கேமராவில் தெளிவைக் குறைத்து, சீட்டை மட்டும் வெட்டி எடுத்தால் 300 கேபி போதும். கார்பன் தாளில் மங்கலாக விழுந்த எண்கூடப் படிக்கிறது. இரட்டைப் பலன்: மலைப்பக்கத்தில் ஒற்றைக் கோட்டு சிக்னலிலும் ஏறிவிடுகிறது.

ஐபோனில் கடைசியாக

முதலாளியின் ஐபோனில் எல்லாம் போட்டபின் மெயில் போனது, ஆனால் ஆலையில் மறுபடி குப்பைப் பெட்டியில் விழுந்தது. இரண்டு பொறிகள் இருந்தன. ஒன்று, ஐபோனில் வெளிச்செல்லும் சர்வரின் பயனர் பெயர், கடவுச்சொல் கட்டங்களில் 'ஆப்ஷனல்' என்று மங்கலாக எழுதியிருக்கும். விருப்பமிருந்தால் போடலாம் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் அது கட்டாயம். இரண்டாவது நுணுக்கமானது. எஸ்எம்டிபி பக்கத்தில் முதன்மைச் சர்வருக்குக் கீழே 'அதர் எஸ்எம்டிபி சர்வர்ஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. முதன்மை மறுத்தால் ஐபோன் சத்தமில்லாமல் அந்தப் பட்டியலில் இயக்கத்தில் உள்ள வேறொன்றின் வழியாக அனுப்பிவிடும். இணைய நிறுவனத்தின் பழைய சர்வர் அங்கே இன்னும் பச்சையாக இருந்தது. அலுவலக வைஃபையில் இருந்ததால் அது வழக்கம்போல வாங்கிக்கொண்டது.

விடுபட்ட கடவுச்சொல்லை நிரப்பி, பட்டியலில் இருந்த பழைய சர்வரை அணைத்து, வைஃபையையும் அணைத்துவிட்டு, டேட்டாவில் ஒரு சீட்டை அனுப்பினார்கள். ஆலையில் வந்த மெயிலின் தலைப்பு விவரங்களைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது, எஸ்பிஎஃப் என்ற வரிக்கு எதிரே 'பாஸ்' என்றிருந்தது.